பழைய டீசல் லாரியும் காலை ஸ்டார்ட்டிங் தொல்லையும்: 11 வருட அனுபவம்

என் லாரிக்கு ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, ஹீட்டர் பிளக்கும் கிடையாது. ஆறு பிளஞ்சர் வரிசையாக நிற்கும் பழைய மாடல் எஃப்.ஐ.பி. (டீசலை அழுத்தி சிலிண்டருக்கு அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்ப்பு), அதன் இடுப்பில் டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஒரு ஃபீட் பம்ப்பு, அதன் தலையில் கையால் அமுக்கும் ப்ரைமர், அவ்வளவுதான். 11 வருடமாக நானே ஓட்டுகிறேன், பெரும்பாலான வேலைகளை நானே பார்க்கிறேன். கிளட்ச், கிரவுன், பிரேக் எல்லாம் சேர்ந்து எடுத்துக்கொண்ட நேரத்தைவிட "காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற ஒரே புகார் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். அதிலும் ஒரு பழுதை மூன்று வருடம் துரத்தினேன். இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் நல்ல பம்ப்பைக் கழற்றிக் காசைக் கரைப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது சைலன்சர் வாயை. செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) நன்றாகச் சுற்றியும் பின்னால் துளிப் புகை இல்லை என்றால், சிலிண்டருக்கு டீசல் போகவே இல்லை. வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், டீசல் போகிறது, எரியவில்லை. அப்போது பார்க்க வேண்டியது கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தம்), டைமிங் (டீசல் பாயும் நேரம்), நாசில் (டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் முனை), செல்ஃப் சுற்றும் வேகம் ஆகியவற்றை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஸ்பானரை எடுத்தால் பாதி நாள் போய்விடும்.

செல்ஃப் சுற்றும் வேகத்தை எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அழுத்திய காற்று ரிங் வழியாகக் கசியும், சூடு சிலிண்டர் சுவரில் போய்விடும். இரண்டாம் வருடம் எனக்கு இந்தத் தொல்லை வந்தது. 24 வோல்ட் வண்டி, இரண்டு 12 வோல்ட் பேட்டரி. நின்ற நிலையில் இரண்டும் சேர்ந்து 25 வோல்ட்டுக்கு மேல் காட்டின, செல்ஃப் அடிக்கும்போதும் 19-க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி மேல் குற்றமில்லை. அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 2 வோல்ட்டைத் தாண்டியது. எர்த் கேபிளின் லக்கைக் கழற்றினால் அடியில் பழைய பெயின்ட்டும் துருவும். சுரண்டிச் சுத்தம் செய்து முறுக்கியதும் சரியானது. செல்ஃப் மோட்டாரை ரிப்பேருக்கு அனுப்பும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஸ்டாப் கேபிள். எஞ்சினை நிறுத்த இழுக்கும் கேபிள் துருப்பிடித்துவிட்டால் லீவர் முழுதாகத் திரும்பி வராது. பம்ப்பு பாதி ஸ்டாப்பிலேயே நிற்கும், செல்ஃப் எவ்வளவு அடித்தாலும் டீசல் போகாது. பானெட்டைத் திறந்து லீவரை விரலால் தள்ளிப் பார்த்தால் போதும்.

இனி அந்த மூன்று வருடக் கதை.

அறிகுறி எப்போதும் ஒன்றுதான். இரவு நன்றாக ஓடிவந்து நிற்கும் வண்டி காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். ஏழெட்டு வினாடி ஓடும். அப்புறம் மூச்சுத் திணறுவது போல் ஏறி இறங்கி அணையும். மறுபடி செல்ஃப் அடித்தால் புகையே இருக்காது. ப்ரைமரை அமுக்கி ஏர் எடுத்தால், அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றினால் ஓடும், அன்று முழுக்கப் பெரிய தொல்லை தராது, ஏற்றத்தில் மட்டும் கொஞ்சம் இழுவை குறையும். அதுவும் தினமும் கிடையாது. நான்கு நாள் நன்றாக இருக்கும், இரண்டு நாள் படுத்தும்.

ஸ்டார்ட் ஆகி உடனே அணைவதற்குக் காரணம் பம்ப்புக்குள்ளும் ஃபில்டரிலும் மிச்சமிருக்கும் டீசல்தான். அது தீரும் வரை எஞ்சின் ஓடும். அதற்குள் ஃபீட் பம்ப்பு டேங்க்கிலிருந்து புது டீசலைக் கொண்டுவர வேண்டும். அந்த லைன் முழுக்கக் காற்று நின்றால் அதனால் முடியாது. நாசில் திறக்க சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். டீசல் அமுங்காது, அதனால் பிளஞ்சர் தள்ளினால் நாசில் திறந்தே ஆக வேண்டும். காற்று அமுங்கும். ஒரு குமிழி இருந்தால் பிளஞ்சர் அதை நசுக்குவதிலேயே தன் தூரத்தைச் செலவழித்துவிடும், நாசில் வாய் திறக்காது.

சரி, காற்று எங்கிருந்து வந்தது? இதில்தான் நான் ஏமாந்தேன். நாம் எல்லோரும் கசிவைக் கண்ணால் தேடிப் பழகியவர்கள். ஃபீட் பம்ப்புக்கு அப்பால், அதாவது பம்ப்பிலிருந்து எஞ்சின் பக்கம், லைனில் அழுத்தம் இருக்கும், ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப்பு வரை உறிஞ்சும் லைன். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரை காய்ந்திருக்கும், ஹோஸ் காய்ந்திருக்கும், எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும்.

முதல் வருடம் ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். பழைய ஹோஸை மடித்துப் பார்த்தபோது உள்ளே நரம்பு நரம்பாக வெடிப்பு. இதுதான் என்று நம்பினேன். இரண்டு வாரம் தொல்லை இல்லை, பிறகு திரும்பி வந்தது. ஃபில்டர் தலையில் இருக்கும் காப்பர் வாஷர்களை மாற்றினேன். ஒரு முறை நசுங்கிய வாஷர் இரண்டாம் முறை சரியாக உட்காராது என்பதால் அது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். தொல்லை போனது, வந்தது. அடுத்து ப்ரைமரை மாற்றினேன். பழையதின் உள் சீல் தேய்ந்திருந்தது, அந்த வழியாகவும் காற்று உறிஞ்சும். போனது, வந்தது.

நடுவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு "பம்ப்பு போச்சு" என்று சொல்லி எஃப்.ஐ.பி.யை இறக்கி, திறந்து, செட்டிங் மாற்றிக் கொடுத்தார்கள். தொல்லை அப்படியே இருந்தது. கூடுதலாகக் கரும்புகை வேறு. அந்த செட்டிங்கைச் சரி செய்ய பம்ப்பு வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். பம்ப்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஆறு கண்ணாடிக் குழாயிலும் டீசல் ஒரே மட்டத்துக்கு ஏறும்படி பொறுமையாக செட் செய்தார். முடித்துவிட்டு, "தம்பி, பம்ப்பைக் குத்தம் சொல்லாதீங்க. அது கொடுத்ததைத்தான் தள்ளும். பம்ப்பு வரைக்கும் டீசல் ஒழுங்கா வருதான்னு பாருங்க" என்றார். "எல்லாம் மாத்திட்டேன் அண்ணே" என்றேன். "டேங்க்கை?" என்று கேட்டார். டேங்க்கில் என்ன இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கே திறந்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் அவர் சொன்னபடி ஒரு சோதனை செய்தேன். ஃபீட் பம்ப்புக்கு வரும் லைனில் ஓர் அடி நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடி ஹோஸை (உள்ளே ஓடுவது வெளியே தெரியும் ஹோஸ்) இடையில் மாட்டினேன். எஞ்சின் ஓடும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை, தேன் மாதிரி ஓடியது. உறிஞ்சும் பக்கம் சுத்தம் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு தவறு. சோதனை சரி, செய்த நாள்தான் தவறு. அன்று டேங்க் நிறைய டீசல் இருந்தது.

கடைசியில் உண்மையைக் காட்டியது என் நோட்டுப் புத்தகம். டீசல் போடும்போது கிலோமீட்டர் எழுதும் பழக்கம் உண்டு. அதன் பக்கத்திலேயே தினமும் காலை ஸ்டார்ட் எப்படி என்று ஒரு வார்த்தை எழுத ஆரம்பித்தேன்: நல்லது, திணறல், இல்லை. நாற்பது நாள் எழுதிய பிறகு ஒரு ராத்திரி உட்கார்ந்து மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தேன். டீசல் போட்ட மறுநாள் ஒன்றுகூடத் திணறல் இல்லை. "இல்லை" என்று எழுதிய காலை எல்லாமே டேங்க் பாதிக்குக் கீழே இருந்த நாட்கள். ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் தொல்லை போனதற்குக் காரணமும் அப்போதுதான் புரிந்தது. வேலை முடிந்ததும் நான் நேராகப் போய் டேங்க்கை நிரப்பிவிடுவேன். நான் மாற்றிய எந்தப் பாகமும் அதைச் சரி செய்யவில்லை. டீசல் மட்டம்தான் சரி செய்தது.

மறுநாள் முள் கால்வாசியில் இருக்கும்போது அதே கண்ணாடி ஹோஸைப் பார்த்தேன். விடியற்காலை, எஞ்சினைத் தொடும் முன்பே. ஹோஸ் காலி. டீசல் எல்லாம் டேங்க்குக்குத் திரும்பியிருந்தது, சுவரில் ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் டார்ச் வெளிச்சத்தில் மின்னியது. ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்ததும் கடுகு மாதிரிக் குமிழிகள் விடாமல் வரிசையாக வந்தன. அடுத்து, சுத்தமான கேனில் டீசல் எடுத்து ஃபீட் பம்ப்பைவிட உயரத்தில் கட்டி, அதிலிருந்து நேராக ஃபீட் பம்ப்புக்கு லைன் கொடுத்தேன். குமிழி நின்றது. இரவு முழுக்க அப்படியே விட்டு காலையில் அடித்தேன், ஒரே அடியில் எடுத்து நின்று ஓடியது. ஆக, பழுது டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில். லைன் புதுசு. மிச்சம் டேங்க் மட்டும்.

டேங்க்கின் மேல்மூடியில் ஐந்து ஸ்குரூ. அதைக் கழற்றினால் உறிஞ்சும் பைப் அப்படியே மேலே வரும். டேங்க்குக்குள் பைப் ஆடாமல் இருக்க, நடுவில் ஒரு பட்டையை வைத்து வெல்டு செய்திருக்கிறார்கள். அந்த வெல்டின் ஓரத்தில் ஒரு கோடு. முதலில் கீறல் என்றே நினைத்தேன். பைப்பை இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்தபோது கோடு வாய் திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. டீசல் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் வரை உள்ளே போவதும் டீசல்தான், வண்டிக்கு வித்தியாசம் தெரியாது. மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியதும் அந்த வழியாகக் காற்று. ஓடும்போது குமிழியாக வந்தது, நிறுத்திய பிறகு லைனில் இருந்த டீசலைக் கீழே இறக்கிவிட்டது. வெல்டு வைக்காமல் முழுப் பைப்பையும் புதுசாக மாற்றினேன். நான்கு வருடம் ஆகிவிட்டது, அந்தத் தொல்லை திரும்ப வரவே இல்லை.

பைப்பைத் தூக்கியபோது அதன் கீழ்முனை வலை பாதி அடைத்திருந்தது. டேங்க் அடியில் கருப்பாகக் கூழ் மாதிரி படிவு. டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் தங்கும், அந்த எல்லையில்தான் இந்தக் கூழ் வளரும். அதிலிருந்து மாதம் ஒரு முறை வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு டேங்க் அடி பிளக்கையும் ஃபில்டர் கிண்ணத்தையும் கொஞ்சம் திறந்து வடிக்கிறேன். முடிந்தவரை டேங்க்கை நிறைத்தே நிறுத்துகிறேன், காலியிடம் குறைந்தால் உள்ளே ஈரம் வியர்ப்பதும் குறையும். மூடியில் இருக்கும் காற்றுத் துளையையும் பாருங்கள். அது அடைத்தால் ஒரு மணி நேரம் ஓடிய பின் இழுவை செத்துப்போகும், மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும்.

ஏர் எடுப்பதில் அவசரம் கூடாது. ஃபில்டர் தலையில் உள்ள ஸ்குரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி ப்ரைமரை அமுக்குங்கள். முதலில் நுரையாக வரும், அப்புறம் குமிழியும் டீசலும் கலந்து வரும், கடைசியில் தெளிவாக வரும். தெளிவாக வரும்போதே ஸ்குரூவை முறுக்க வேண்டும். அடுத்து எஃப்.ஐ.பி. மேல் இருக்கும் ஸ்குரூவுக்கும் அதே வேலை. காற்று போய்விட்டதென்று கையே சொல்லும். பஞ்சு மாதிரி அமுங்கிய ப்ரைமர் இறுகி எதிர்க்க ஆரம்பிக்கும். அதன் பிறகும் எடுக்கவில்லை என்றால் மட்டும் இரண்டு நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடிக்க வேண்டும். அங்கே கையை வைத்துப் பார்க்காதீர்கள். நாசில் பக்கத்து டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தத்தில் வரும், பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. செல்ஃபை 15 வினாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் இரண்டு நிமிடம் ஆற விடுங்கள். சட்டென்று ஸ்டார்ட் ஆகக் காற்று வழியில் அடிக்கும் ஈதர் ஸ்ப்ரேயை என் வண்டி பக்கம் நான் விடுவதே இல்லை. டீசல் வராத எஞ்சினுக்கு அது பரிகாரமும் இல்லை, நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனையும் ரிங்கையும் கெடுக்கும்.

இப்போது கண்ணாடி ஹோஸைக் கழற்றிவிட்டு நல்ல டீசல் ஹோஸ் போட்டுவிட்டேன், கண்ணாடி ஹோஸ் நாளடைவில் விறைத்து அதுவே வெடிக்கும். நோட்டில் காலை ஸ்டார்ட் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. போன மாதம் இரண்டு இடத்தில் "திணறல்" விழுந்திருக்கிறது, இரண்டு நாளும் டேங்க் நிறைந்துதான் இருந்தது. ஃபீட் பம்ப்பின் உள் வால்வு உட்காரும் இடம் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு, ப்ரைமர் ஓரத்திலும் ஒரு துளி ஈரம் தெரிகிறது. இந்த வாரம் அதைத் திறந்து பார்க்கப் போகிறேன்.