2000-ஆம் ஆண்டின் படங்களும் திரையின் அடியில் ஓடும் இரண்டு வரிகளும்

பழுது பார்க்கக் கொடுத்திருந்த டிவிடி பிளேயர் சென்ற மாதம் திரும்பி வந்தது. வட்டு சுழலவில்லை என்ற குறையைச் சரிசெய்தவர், தமக்கே தெரியாமல் வேறொரு குறையைச் சேர்த்து அனுப்பியிருந்தார்: எந்த வட்டைப் போட்டாலும் சப்டைட்டில் வரவில்லை. ரிமோட்டில் அதற்குரிய பொத்தானின் மேலிருந்த எழுத்து தேய்ந்து மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அதை நான் எத்தனை முறை அழுத்தியிருப்பேன் என்பதற்கு அந்த வழுவழுப்பே சாட்சி. இந்தச் சமயத்தில்தான் நண்பர் ஒருவர் கேட்டார்: 2000-ஆம் ஆண்டு வெளியான பிறமொழிப் படங்களின் வட்டுகள் விலை இறங்கியிருக்கின்றன, உங்கள் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அவைதாமே இருக்கின்றன, எதை வாங்கலாம்?

அந்த ஆண்டின் பெருமைகளை அவரும் அறிவார், இதைப் படிப்பவர்களும் அறிவார்கள். கான் திரைப்பட விழாவில் எட்வர்ட் யாங்குக்குச் சிறந்த இயக்குநர் விருதும், டோனி லியங்குக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்ததும், வெனிஸில் ஜாஃபர் பனாஹியின் 'தி சர்க்கிள்' தலையாய விருதான தங்கச் சிங்கத்தை வென்றதும், ஆங் லீயின் 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' மறு ஆண்டு நான்கு ஆஸ்கர்களை அள்ளிக்கொண்டதும் எல்லாப் பட்டியல்களிலும் உள்ளவை. இந்தப் படங்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் பட்டியலில் இல்லாத ஒரு விஷயத்தைப் பற்றித்தான். அந்தச் சப்டைட்டில் என்னைப் படுத்திய பாட்டை வேறு எதுவும் படுத்தியதில்லை.

எடுத்துக்காட்டாக, பாமன் கோபாதியின் 'எ டைம் ஃபார் ட்ரங்கன் ஹார்ஸஸ்'. ஈரான், ஈராக் எல்லையில், கடுங்குளிரைத் தாங்குவதற்காகக் கோவேறு கழுதைகளுக்குச் சாராயம் ஊற்றிக் கொடுத்து, மலை கடந்து சரக்குக் கடத்தும் குர்திய மக்களின் கதை அது. தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகள், நோயுற்ற தங்கள் சகோதரன் மாதிக்கு எப்படியாவது அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்று அலைகிறார்கள். திரையின் பெரும்பகுதி பனி. அந்தப் பனியின் மீது, என்னிடம் உள்ள வட்டைத் தயாரித்தவர்கள், கறுப்பு விளிம்புகூட இல்லாத வெள்ளை எழுத்தில் வசனத்தைப் பதித்திருக்கிறார்கள். மாதியின் சிகிச்சைக்காகவே மணம் முடித்துக் கொடுக்கப்படும் அக்காவை அழைத்துச் செல்லும்போது, மாதியை ஏற்க மறுத்துவிட்டு, அவனுக்கு ஈடாக ஒரு கோவேறு கழுதையைக் கொடுக்கும் மாப்பிள்ளை வீட்டார் என்ன பேசினார்கள் என்பதை முதல் முறை என்னால் படிக்கவே முடியவில்லை. யாராவது கறுப்புக் கம்பளி அணிந்து எழுத்துக்குப் பின்னால் வந்து நின்றால், அவர் நிற்கும் அகலத்துக்கு மட்டும் இரண்டு சொற்கள் தெரியும். அவர் நகர்ந்ததும் அவையும் பனியில் கரைந்துவிடும். அடுத்த முறை பார்த்தபோது தொலைக்காட்சியின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டேன். எழுத்து ஓரளவு தெரிந்தது. பனி சாம்பலாகிவிட்டது.

இது அச்சுக் குறை, மன்னித்துவிடலாம். 'தி சர்க்கிள்' வட்டில் நடந்திருப்பது அப்படிப்பட்டதன்று. அந்தப் படம் இருட்டில், ஒரு பெண்ணின் பிரசவ ஓலத்தோடு தொடங்குகிறது. பிறகு மருத்துவமனைக் கதவின் சிறு சாளரம் திறந்து, பெண் குழந்தை என்று சொல்லப்படுகிறது. ஆண் என்று ஸ்கேன் சொல்லியிருந்ததே என்று பாட்டி பதறுகிறாள். பெற்றவளின் பெயர் சோல்மாஸ் கோலாமி. அவளை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. கதை வேறு பெண்களின் பின்னால் டெஹ்ரான் வீதிகளில் ஓடிவிடுகிறது. கடைசியில் ஒரு சிறை அறை. கேமரா அதைச் சுற்றி வருகிறது, தொலைபேசி மணி அடிக்கிறது, கதவின் சிறு சாளரத்தைத் திறந்து காவலர் ஒரு பெயரைக் கேட்கிறார். அந்தப் பெயர் சோல்மாஸ் கோலாமி. படத்தின் தலைப்பே அந்த ஒரு பெயரில்தான் முடிச்சுப் போடப்படுகிறது. என் வட்டில் அந்த இடத்தில் வந்த வரியில் பெயர் இல்லை. 'அவள் அங்கே இருக்கிறாளா?' என்ற அளவில் சுருக்கிவிட்டார்கள். பாரசீகம் தெரியாவிட்டாலும் பெயர் காதில் விழத்தானே செய்கிறது என்று கேட்கலாம். விழுந்தது, ஆனால் கண் எழுத்தில் இருக்கும்போது காது பாதிதான் வேலை செய்யும் என்பதால், அது முதல் காட்சியில் கேட்ட பெயர் என்று எனக்கு உறைப்பதற்கு மூன்றாவது முறை பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு முறை ஒரு நல்ல படத்தின் முடிவைத் தவறவிட்டேன். அதற்கு யாரிடம் போய்க் கேட்பது?

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், அந்த வேலையின் நெருக்கடியையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. ஒரு வரியில் நாற்பது எழுத்துகளைத் தாண்டினால் கண் எட்டாது. முழுதாக நிறைந்த இரண்டு வரிகளைப் படிக்கப் பார்வையாளருக்கு ஏறக்குறைய ஆறு நொடி வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பழைய கணக்கு. மனிதர்களோ ஆறு நொடியில் அதைப்போல இன்னொரு மடங்கு பேசிவிடுகிறார்கள். எனவே வெட்டத்தான் வேண்டும். வெட்டும்போது முதலில் போவது பெயர், அடுத்து உறவுமுறை, அதற்கடுத்து வசை. கதைக்கு இவை தேவையில்லை என்ற எண்ணம்தான் காரணம். வெட்டியவர் மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது.

அலெஹாந்த்ரோ கோன்ஸாலெஸ் இன்யாரித்துவின் முதல் படமான 'அமோரெஸ் பெர்ரோஸ்' இதற்குச் சரியான பலி. மெக்சிகோ நகரத்து இளைஞர்கள் மூச்சுக்கு ஒருமுறை 'வேய்' என்கிறார்கள். நம்முடைய 'மச்சான்' செய்யும் எல்லா வேலையையும் அந்த ஒரு சொல் செய்கிறது: கொஞ்சும், மிரட்டும், சும்மா இடத்தையும் நிரப்பும். கீழே ஓடும் ஆங்கிலத்தில் அதன் சுவடே கிடையாது. நாய்ச் சண்டைக்குப் பந்தயம் கட்டுபவர்கள் அலுவலகக் குறிப்பு எழுதுவதுபோல் பேசுகிறார்கள். தலைப்பை மட்டும் யாரும் தொடத் துணியவில்லை. நாய்கள் என்றும் நாசமாய்ப் போன காதல்கள் என்றும் ஒரே மூச்சில் சொல்லும் அந்த இரு சொற்களை அப்படியே ஸ்பானிய மொழியில் விட்டுவிட்டார்கள். அந்த அச்சம் வசனத்தைத் தொடும்போதும் இருந்திருக்கலாம்.

இதற்கு நேரெதிராக, சப்டைட்டிலால் லாபம் அடைந்த படம் 'க்ரவுச்சிங் டைகர்'. சௌ யுன்-ஃபாட் ஹாங்காங்கின் காண்டனீஸ் பேசி வளர்ந்தவர். மலேசியாவில் பிறந்த மிஷெல் யோவுக்குப் படத்தின் மொழியான மாண்டரின் சீனம் தெரியாததால் வசனத்தை ஒலியாகவே மனப்பாடம் செய்து பேசினார். சாங் சென் தைவான்காரர். ஜாங் ஸியீ பெய்ஜிங்கைச் சேர்ந்தவர். மாண்டரின் அறிந்த காதுக்கு, ஒரே நாட்டு வாள்வீரர்கள் நான்கு ஊர் உச்சரிப்பில் பேசிக்கொள்வது நெருடியது. நமக்கோ எல்லாரும் ஒரே தரமான ஆங்கிலத்தில் எழுதினார்கள், எந்த நெருடலும் தெரியவில்லை. என் தட்டில் உள்ளவற்றிலேயே மிக நேர்த்தியான சப்டைட்டில் இந்த வட்டில்தான் இருக்கிறது. வரி பிரித்திருக்கும் விதமும், தோன்றி மறையும் நேரமும் அப்பழுக்கற்றவை. ஏனோ ஏழு ஆண்டுகளாக அதை எடுத்துப் பார்க்கவில்லை.

எட்வர்ட் யாங்கின் 'யீ யீ' பற்றி எழுத வரும்போது என் நிதானம் தவறிவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 173 நிமிடம் ஓடும் இந்தப் படம் தைப்பேயில் ஒரு குடும்பத்தைத் திருமணத்தில் தொடங்கி இறுதிச் சடங்கு வரை பின்தொடர்கிறது. குடும்பப் படம் என்றால் முறை தெரிய வேண்டும். பாட்டியின் மகன் ஆ-டி, அதாவது அம்மா மின்-மின்னின் தம்பி, அந்தத் திருமணத்தின் மணமகன், கடன்பட்டுத் திரிபவன். பிள்ளைகளுக்கு அவன் தாய்மாமன். சீன மொழியில் அந்த முறைக்குத் தனிச் சொல் இருக்கிறது, பிள்ளைகள் அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தமிழிலும் தனிச் சொல் இருக்கிறது. இரண்டு மொழிகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஆங்கிலம் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை புருஷன் எல்லாரையும் ஒரே 'அங்கிள்' மூட்டையில் கட்டிவிடுகிறது. முதல் அரை மணி நேரம் யார் யாருக்கு என்ன உறவு என்று நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு 'மாமா'வில் தீர்ந்திருக்க வேண்டிய குழப்பம் அது.

ஆனால் இதே படத்தில்தான் என் இருபது ஆண்டுப் புலம்பலுக்கு மருந்தும் இருக்கிறது. தகப்பன் என்.ஜே., வணிகப் பேச்சுக்காக ஓட்டா என்ற ஜப்பானியரைச் சந்திக்கிறார். ஒருவருக்கு ஜப்பானியம் வராது, மற்றவருக்குச் சீனம் வராது. எனவே இருவரும் தட்டுத் தடுமாறும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். ஆங்கிலம் என்பதால் அங்கே கீழே வரி ஓடுவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் தேடி எடுத்து வைப்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. ஒருவர் சொல் கிடைக்காமல் நிற்கும்போது மற்றவர் காத்திருப்பதையும் பார்க்க முடிகிறது. ஒவ்வொரு காலையும் புதியதுதானே, ஆனாலும் நாம் எழுந்திருக்க அஞ்சுவதில்லையே, பிறகு ஏன் புதியவற்றுக்கு அஞ்சுகிறோம் என்று ஓட்டா கேட்கும் இடத்தில், எத்தனை எளிய ஆங்கிலம் அது என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். வீட்டில், சொந்த மொழியில், நினைவிழந்து கிடக்கும் தாயிடம் தினமும் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்று மனைவி உடைந்து அழுகிறாள். இங்கே இரவல் மொழியில் இரண்டு அந்நியர்கள் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பின்னர் டோக்கியோவில் ஒரு சீட்டுக்கட்டு வித்தையைக் காட்டிவிட்டு, இதில் தந்திரம் ஏதுமில்லை, சீட்டுகளின் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் என்று ஓட்டா சொல்லும்போது, அவராக நடித்த இஸ்ஸே ஓகாடாவின் முகத்தில் படரும் லேசான வெட்கத்தை, கீழே எழுத்து ஓடியிருந்தால் கட்டாயம் தவறவிட்டிருப்பேன்.

பிளேயர் பழுதாகித் திரும்பிய வாரத்தில் நான் போட்ட முதல் வட்டு வோங் கார்-வாயின் 'இன் தி மூட் ஃபார் லவ்'. பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தேன், வரி வரவில்லை. அணைத்துவிட எழுந்தவன், இசையமைப்பாளர் உமேபயாஷியின் வயலின் தொடங்கிவிட்டதால் உட்கார்ந்துவிட்டேன். கணவரின் கள்ளத் தொடர்பைப் பற்றி மேகி சியாங் கேட்கும் காட்சி வந்தது. எதிரே ஓர் ஆணின் முதுகு மட்டும் தெரிகிறது. அவன் ஒப்புக்கொள்கிறான், அவள் அறைகிறாள். அறை என்றுகூடச் சொல்ல முடியாது, கை கன்னத்தை உரசிச் செல்கிறது. அதன் பிறகே அது கணவன் இல்லை, பக்கத்து வீட்டு சௌ (டோனி லியங்), இது வெறும் ஒத்திகை என்று தெரிகிறது. இத்தனை ஆண்டுகளும் அவள் வாய் திறப்பதற்கு முன்பே நான் கேள்வியைக் கீழே படித்து முடித்து, பதிலுக்குக் காத்திருந்திருக்கிறேன். அன்று, படிக்க ஒன்றும் இல்லாததால், கேள்வியைக் கேட்கும் முன் அவள் எவ்வளவு நேரம் தயங்குகிறாள் என்பதைப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மாள் ஷாங்காய் மொழியில் பேசுவதும் சௌ காண்டனீஸில் பேசுவதும் இரு வேறு ஓசைகள் என்பதும் அன்றுதான் காதுக்குத் தெளிவாயிற்று. 1962-இன் ஹாங்காங்கில் ஷாங்காயிலிருந்து வந்து குடியேறியவர்களின் சின்ன உலகம் அந்த மாடி வீடு. சப்டைட்டில் அந்த ஊர் வேறுபாட்டை முழுக்க அழித்துவிட்டிருந்தது. நாட் கிங் கோலின் ஸ்பானியப் பாடல்களுக்கோ என் வட்டில் எப்போதுமே வரி கிடையாது. படத்தின் முடிவில் கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலில் ஒரு கல் துளையில் சௌ எதை முணுமுணுத்தார் என்பது எந்த மொழிக்காரருக்கும் கேட்காது. ஆக, 98 நிமிடப் படத்தில் உண்மையில் எனக்கு எழுத்து தேவைப்பட்ட இடங்கள் பத்துக்குள் அடங்கும். முதல் முறை பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மீதமுள்ளவை பற்றிச் சுருக்கமாக. பேலா டார், ஆக்னெஸ் ஹ்ரானிட்ஸ்கி இருவரும் இயக்கிய 'வெர்க்மைஸ்டர் ஹார்மனீஸ்' 145 நிமிடத்தை வெறும் 39 ஷாட்டுகளில் முடிக்கிறது. வரிகள் நிதானமாக வந்து போகின்றன, படித்துவிட்டு முகங்களையும் பார்க்க நேரம் மிச்சமிருக்கிறது. கதாநாயகனாக வரும் லார்ஸ் ருடால்ஃப் ஜெர்மானியர், அவருடைய ஹங்கேரியக் குரல் இன்னொருவருடையது என்பதால், அங்கே வாயும் எழுத்தும் ஒத்துப்போகவில்லை என்று குறை சொல்லவும் மனம் வருவதில்லை. அன்யெஸ் வர்தாவின் 'தி க்ளீனர்ஸ் அண்ட் ஐ' ஆவணப்படத்துக்குப் பிரெஞ்சில் பொறுக்குபவர்களும் பொறுக்குபவளும் என்ற பொருளில் தலைப்பு. அந்தப் பெண்பாலில் வர்தா தம்மைத் தாமே வைத்திருக்கிறார். ஆங்கிலம் அதை 'நான்' என்று ஆக்கிவிட்டது. கேமராவை அணைக்க மறந்து, லென்ஸ் மூடி தொங்கி ஆடுவது பதிவாகிவிட, அதை வீசிவிடாமல் ஜாஸ் இசை சேர்த்து நடனமாக்கிய அந்தப் பகுதிக்கு எந்த வரியும் தேவைப்படவில்லை. என்னை ஒருபோதும் எரிச்சல்படுத்தாத படம் இது ஒன்றுதான்.

இப்போது நண்பருக்கு என்ன சொல்வது? குறை, நிறைகளைக் கூட்டிக் கழித்தால் 'க்ரவுச்சிங் டைகர்' முதலில் வர வேண்டும், வர்தா இரண்டாவது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கூடப் பார்த்தேன். பிறகு, மூட்டை கட்டிய அங்கிள்களோடு என்னைப் பாடாய்ப் படுத்திய 'யீ யீ' வட்டை எடுத்து, வாங்க வேண்டாம், முதலில் இதைப் பாருங்கள் என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டேன். எழுத்து கசங்கிய அட்டை, கீறல் விழுந்த வட்டு, மட்டமான வரிகள் என்று எல்லாவற்றையும் எச்சரித்துத்தான் கொடுத்தேன்.

மறுநாள் இரவு பதினொன்றரை மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. படம் பாதியில் நிற்கிறதாம், ஒரு சந்தேகமாம்: 'கல்யாண மாப்பிள்ளை இருக்கிறாரே, அவர் அந்தப் பையனுக்குச் சித்தப்பாவா?'

மாமா, என்று பதில் அனுப்பினேன்.