நீலகிரிச் சோலைகளைக் காண: நடந்தா, சைக்கிளிலா?

கோத்தகிரியில் குடியிருக்கும் எனக்குப் பனிக்காலம் தொடங்கியதும் வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியைத்தான் சுமந்து வருகின்றன: சைக்கிளைக் கொண்டுவரட்டுமா, நடந்தே பார்த்துக்கொள்ளலாமா? கோவையிலும் பெங்களூரிலும் கியர் சைக்கிள் வைத்திருப்போர் பெருகிவிட்டார்கள். வனத்துறையின் தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 தடங்களைத் திறந்துவிட்ட பிறகு, நடக்க விரும்புவோரும் அதே அளவுக்குக் கூடியிருக்கிறார்கள். இரண்டு வழியிலும் இந்த மலையைப் பல ஆண்டுகளாகச் சுற்றியவன் என்ற முறையில், எது எங்கே பொருந்தும், எது எங்கே பொருந்தாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1986-இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் மூன்று மாநிலங்களில் 5,520 சதுர கிலோமீட்டருக்குப் பரந்திருக்கிறது. அதற்குள் முதுமலை புலிகள் காப்பகமும் முக்கூர்த்தி தேசியப் பூங்காவும் பல காப்புக்காடுகளும் உள்ளன. அவற்றுக்கு நடுவே தேயிலைத் தோட்டங்களும் காய்கறி நிலங்களும் ஊர்களும் இருக்கின்றன. ஒவ்வோர் எல்லையைத் தாண்டும்போதும் சட்டம் மாறுகிறது, விலங்கு மாறுகிறது, சாலையும் மாறுகிறது. ஆகவே மலை முழுவதற்கும் ஒரே விடை சொல்ல முயல்வது வீண்.

மலை மடிப்புகளில் நெருங்கி வளரும் பசுமைமாறாக் காட்டைத்தான் இங்கே சோலை என்கிறோம். நடையின் மேன்மை எதில் இருக்கிறது என்று கேட்டால், கோத்தகிரி ஊரை ஒட்டியுள்ள லாங்வுட் சோலையைத்தான் காட்டுவேன். பரப்பு 116 ஹெக்டேர் மட்டுமே. ஆயினும் கீழே உள்ள பல ஊர்களுக்குக் குடிநீர் தரும் ஊற்றுகள் இதற்குள்தான் இருக்கின்றன, 2024-இன் தொடக்கத்தில் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. கடந்த கார்த்திகையில் ஒரு காலை, வழிகாட்டியாக வந்த இளைஞரோடு இதற்குள் நுழைந்தேன். இருபது அடி போனதும் அவர் கையை உயர்த்தி, "குச்சிய மிதிக்காதீங்கண்ணா, கொஞ்சம் நில்லுங்க" என்றார். நின்றோம். என் கண்ணுக்குப் பாசி பிடித்த வேர்களும் ஈரச் சருகும் தவிர எதுவும் தெரியவில்லை. இரண்டு நிமிடம் கழிந்த பிறகு, முழங்கால் உயரத்துக்கும் கீழே ஒரு கொடியின் மீது, கட்டைவிரல் அளவுள்ள கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் வந்தமர்ந்து, வாலை ஒருமுறை அசைத்துவிட்டு, மீண்டும் இருளுக்குள் போனது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. அன்று இரண்டரை மணி நேரத்தில் நாங்கள் நடந்த தூரம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டியிருக்காது. சோலைக்குள் நிற்பதற்குத்தான் நேரம் வேண்டும். சைக்கிளில் நின்றுகொண்டே இருக்க முடியாது.

நடையின் தொல்லையையும் மறைக்கக் கூடாது. மழை ஓய்ந்த வாரங்களில் அட்டைகள் காலுறையின் பின்னல் வழியாகவே நுழைந்துவிடும். வேப்பெண்ணெய் தடவிக்கொள்வதும் உப்புப் பொட்டலம் எடுத்துச் செல்வதும் ஓரளவுக்கு உதவும். அட்டை கடித்தால் பிடுங்கி எறியாமல், நகத்தால் மெல்ல நெம்பி எடுப்பது நல்லது. இதை ஒரு குறையாகவே கருதாதவர்தான் சோலை நடைக்கு வர வேண்டும்.

சைக்கிளின் மேன்மை வேறு வகைப்பட்டது. உதகையிலிருந்து எமரால்டு வழியாக அவலாஞ்சி செல்லும் சாலையை எடுத்துக்கொள்வோம். கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு நிலம், தேயிலை, யூகலிப்டஸ் எனும் கற்பூர மரத் தோப்பு, வாட்டில் எனும் சீகை மரக் காடு, பைன் மரங்கள், இவற்றுக்கு நடுவே மலை மடிப்பில் ஒதுங்கிய ஒரு துண்டுச் சோலை என்று, இந்த மலையின் கடந்த இருநூறு ஆண்டு வரலாறு அந்த ஒரு சாலையிலேயே வரிசையாக நிற்கிறது. புல்வெளியும் சோலையுமாக இருந்த நிலத்தில் எதெல்லாம் வந்து ஏறியது என்பதை, ஓர் இடத்தில் நடப்பவரால் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரில் போகிறவருக்கோ எல்லாமே வெறும் பச்சையாகத் தெரியும். சைக்கிளில் போகும்போது அதை உடம்பே சொல்லிவிடும். கற்பூர மரத் தோப்பின் வாசம் முடிந்து, சோலை மடிப்பை ஒட்டிச் சாலை வளையும்போது, முன்னங்கையில் படும் காற்று சட்டென்று குளிரும். அந்தக் குளிர்ச்சிக்குக் காரணமான மரக்கூட்டம் சில நூறு அடி அகலமே இருக்கும். வளைவு முடிந்ததும் வெயில் திரும்பிவிடும்.

ஆனால் அந்த உணர்வு பெரும்பாலும் ஏற்றத்தில் மட்டுமே கிடைக்கும். இறக்கத்தில் கண் தார்ச்சாலையை விட்டு விலகக் கூடாது. உதகையிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம் குறைகிறது. பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் சூடேறிவிடும். அங்கே காட்டைப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு அச்சம்தான் வருகிறது.

விலங்குகளை முன்னிட்டுப் பார்த்தால் என் தராசு நடைப் பக்கம் இன்னும் அழுத்தமாகச் சாய்கிறது. நாங்கள் காட்டெருமை என்றும் கொடைக்கானல்காரர்கள் காட்டுமாடு என்றும் அழைக்கும் அந்த விலங்கு, கோத்தகிரியில் தேயிலைச் செடிகளுக்குள் மாடு போலவே மேய்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு கோடநாடு காட்சிமுனையிலிருந்து மூடுபனியில் திரும்பிக்கொண்டிருந்தேன். மிதிக்காமல் இறங்கும் சைக்கிள் ஏறக்குறைய ஓசையற்றது. ஒரு வளைவைத் தாண்டியதும், பத்தடி தூரத்தில் சாலையின் நடுவே ஒரு பெரிய ஆண் நின்றது. பிரேக் பிடித்ததில் பின்சக்கரம் வழுக்கி, சைக்கிளோடு நான் ஓரத்தில் சாய்ந்தேன். அது மூச்சு விட்டது. மூக்கிலிருந்து வந்த ஆவி பனியோடு கலந்ததை என்னால் பார்க்க முடிந்தது. மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, குரலை உயர்த்தாமல், "அசையாம கெட தம்பி, அது தானா போயிரும்" என்றார். சிறிது நேரத்தில் அது திரும்பித் தேயிலைக்குள் இறங்கிவிட்டது. வழிகாட்டியோடு நடந்திருந்தால், அந்த வளைவுக்கு வெகு முன்பே அவர் சாணத்தையோ வாடையையோ கண்டு நின்றிருப்பார். நடப்பவரின் மெதுவான வேகம் விலங்குக்கும் விலகிச் செல்ல நேரம் கொடுக்கிறது. அன்றிலிருந்து, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, உரக்கப் பேசிக்கொண்டே இறங்குகிறேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை ஒப்பீடு எளிது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு காட்டு நடைக்கான விதிகள் இறுகின. இன்று இணையத்தில் பதிவுசெய்து, உள்ளூர் வழிகாட்டியோடு, குறித்த தடத்தில் மட்டுமே நடக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை நான் மனமார வரவேற்கிறேன். காட்டோரத்துப் பிள்ளைகளுக்கு அதனால் வேலையும் கிடைத்திருக்கிறது. அந்த 40 தடங்களும் நடப்பவர்களுக்கானவை. சைக்கிள்காரருக்கு உரியது பொதுச்சாலை. அங்கிருந்து பிரியும் மண்பாதை எவ்வளவு ஆசை காட்டினாலும், அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் சக்கரத்தைத் திருப்புவது குற்றம். குற்றம் என்பது ஒருபுறமிருக்க, ஈரமான புல்வெளியில் பதியும் டயர்த் தடம் அடுத்த மழையில் நீரோடும் வாய்க்காலாகிவிடும். ஸ்காட்ச் புரூம் போன்ற அயல் செடிகளின் விதைகள் சேற்றோடு டயரிலும் ஒட்டும், காலணியிலும் ஒட்டும். கிளம்பும் முன் பழைய பல் துலக்கியால் இரண்டையும் தேய்த்துவிடுமாறு எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

முதுமலைக்கு இரண்டுமே வேண்டாம். வாகனத்தை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது என்று விதி இருக்கும் யானைக் காட்டுச் சாலையில் சைக்கிள்காரர் எப்போதுமே இறங்கி நிற்பவர்தான். தெப்பக்காட்டில் வனத்துறையின் சஃபாரி வாகனத்தில் ஏறிக்கொள்வதே முறை. 78.46 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கூர்த்தியின் வரையாடுகளைக் காண வேண்டுமென்றால், அந்தப் பகுதிக்கு அனுமதிக்கப்பட்ட நடைத்தடம் ஒன்றே வழி.

பழனி மலையிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாடகைச் சைக்கிளில் போவது குழந்தைகளுக்கு நல்லது. பூம்பாறை வழியாக மன்னவனூர் செல்லும் சாலை, பழகிய சைக்கிள்காரருக்கு முழு நாள் இன்பம். வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கோ நடந்துதான் இறங்க வேண்டும். காலணி அணியாத அவ்வூரின் வழக்கத்தை மதித்து, ஊர் எல்லையில் நாமும் கழற்றிவிட வேண்டும்.

பருவத்தைக் கணக்கில் எடுத்தால் சைக்கிளுக்கும் அதற்குரிய காலம் உண்டு. தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சிப் பக்கத்தை அடித்து நொறுக்கும். 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் அங்கே 82 சென்டிமீட்டர் பெய்தது. வடகிழக்குப் பருவமழை எங்கள் கோத்தகிரிப் பக்கத்துக்கு உரியது. டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் உறைபனி விழும்போது விரல்கள் மரத்துப் பிரேக் பிடியை உணராது. ஒன்பது மணிக்குப் பிறகு கிளம்புவதே நலம். கோடை நெருங்கியதும் காட்டுத்தீ அச்சத்தால் நடைத்தடங்களை மூடிவிடுவார்கள். அந்த வாரங்களில் சைக்கிள்தான் என் துணை.

ஒரே நாள் வைத்திருப்பவர் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு லாங்வுட் சோலைக்கு நடக்கட்டும். வயதான பெற்றோரோடு வருபவருக்கு உதகை கேர்ன்ஹில் பாதை இதமானது. இரண்டு நாள் இருப்பவர் இரண்டையும் செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம்: முதல் நாள் நடை, மறுநாள் சைக்கிள். சோலைக்குள் ஒருமுறை நின்றவருக்குத்தான், மறுநாள் எமரால்டு சாலையில் சீகை மரத்துக்கும் சோலை மரத்துக்கும் உள்ள வேறுபாடு, குடைபோல் நெருங்கிய முகடுகளையும் சிவந்த தளிர்களையும் கொண்டு தொலைவிலிருந்தே புலப்படும். காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருவோர், மலைக்குள் வாகனம் நுழைவதற்கான இணைய அனுமதிச் சீட்டான இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். எமரால்டு சாலையில் முன்னங்கை குளிர்ந்ததும் சைக்கிளை ஓரங்கட்டி, அதன் மீது சாய்ந்தபடியே சாலையோரத்தில் கால் மணி நேரம் காத்திருங்கள். மேலேயுள்ள கிளைகளில் கருமந்தி இருந்தால், அதற்குள் ஒருமுறையாவது குரல் கொடுத்துவிடும்.