உடனடி வல்லாரைக் கஞ்சிப் பக்கட்: மலைநாட்டு அடுப்புக்குச் சரிவருமா?

அட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் பலசரக்குக் கடைகளில் கொலகெந்த, அதாவது இலைக்கஞ்சிப் பக்கட்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. விடியற்காலையில் பிளேன்டியை (பால் சேர்க்காத தேநீரை) மட்டும் குடித்துவிட்டு தேயிலை மலைக்குப் போகிறவர்களுக்கும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்கும் இது உண்மையிலேயே நல்ல சாப்பாடு. வெறும் வயிற்றில் சாயத்தண்ணீர் போனால் சிலருக்குப் படபடப்பும் எரிச்சலும் வரும். அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கஞ்சி பசியைக் கொஞ்ச நேரம் அடக்கி வைக்கும். ஆனால் பக்கட்டின் பின்பக்கம் போட்டிருக்கிற செய்முறையை அப்படியே நம்பக் கூடாது.

காரணம் உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அட்டனில் 96 அளவில். கொழும்பு அடுப்பில் 5 நிமிடத்தில் வேகிற குறுணல் இங்கே பல்லில் கடிபடும், பச்சை மா வாசமும் நிற்கும். சிறு தீயில் 10 முதல் 12 நிமிடம் வையுங்கள். வற்றுவதற்காக அரைக் கோப்பைத் தண்ணீர் கூடுதலாக விடுங்கள். மாவை நேராகச் சுடுதண்ணீரில் கொட்டினால் வெளிப்பக்கம் உடனே வெந்து, உள்ளே மாவோடு கட்டி தட்டிவிடும். முதலில் அரைக் கோப்பை பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, பிறகு கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிண்டவேண்டும்.

சுவையில் பக்கட் பாதிதான் தேறும். காய்ந்த இலையில் வல்லாரையின் வாசம் குறைவு, தேங்காய்ப்பால் மாவும் மெலிவு. இறக்குமுன் 2 மேசைக்கரண்டி கெட்டித் தேங்காய்ப்பாலும் நசுக்கிய உள்ளிப் பல் ஒன்றும் போட்டால் குறை பெரிதும் தீரும். சில பக்கட்டுகளில் உப்பு ஏற்கெனவே அதிகம். குடித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

லீவு நாளில் பச்சை இலையில் காய்ச்சுவதை எந்தப் பக்கட்டும் எட்டாது. 4 பேருக்குக் கால் கோப்பை சிவப்புப் பச்சையரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, 4 கோப்பைத் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். திறந்த சட்டியில் முக்கால் மணி நேரம் பிடிக்கும், பிரஷர் குக்கர் இருந்தால் வேலை சுருக்கம். ஒரு கட்டு வல்லாரையை ஒரு கோப்பைத் தண்ணீரில் அரைத்து, துணியில் பிழிந்து சாறெடுங்கள். சாறும் அரைக் கோப்பைத் தேங்காய்ப்பாலும் கடைசியில்தான். ஓரத்தில் முதல் குமிழி வந்ததும் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் கொதித்தால் பச்சை நிறம் பழுப்பாகும், பாலும் திரியும். வல்லாரையை வேரோடு வாங்கினால் மண் போக 3 தண்ணீரில் அலசுங்கள். தேயிலை மலை ஓரத்தில் முளைத்ததைப் பறிக்க வேண்டாம், அங்கே களைநாசினி அடித்திருப்பார்கள்.

'மன அழுத்தம் தீரும்' என்று ஒரு பக்கட்டில் எழுதியிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். வல்லாரை மனதை அமைதிப்படுத்தும் என்பது பழைய நம்பிக்கை. மனிதரில் நடந்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒன்றுபோல இல்லை. கீரையிலுள்ள மக்னீசியம் நரம்புகளுக்குத் தேவையானது, அவ்வளவை உறுதியாகச் சொல்லலாம். தூக்கமே இல்லாமல் தவிக்கிறவர் டாக்டரைப் பார்க்கவேண்டும். ஈரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தினமும் குடிக்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

கஞ்சி குடித்த கையோடு பிளேன்டி வேண்டாம். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தேயிலை தடுக்கும். ஒரு மணி நேரம் போகட்டும். இரத்தச்சோகை உள்ள பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். கஞ்சியோடு ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

வாங்கும்போது சேர்மானத்தை வாசியுங்கள்: இலையின் பெயர் கடைசியில் இருந்தால் அது வெறும் அரிசி மாக் கஞ்சி. பெரிய பக்கட்டை உடைத்ததும் இறுக்கமான போத்தலில் போடுங்கள், பனிக்காற்றின் ஈரத்தில் சீக்கிரம் கட்டியாகிவிடும்.