தனி வகுப்பா, ஒரே வகுப்பில் திறந்த வினாவா?
வேலூர் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் மீத்திறன் மிக்க குழந்தைகளைத் தனியே பிரித்துக் கற்பிப்பதா, எல்லோரையும் ஒன்றாக அமர்த்தித் ஒரே விடைக்குள் அடங்காத திறந்த வினாக்கள் தருவதா என்றால், இரண்டாவதையே தேர்வேன். தனி வகுப்பில் தெரிந்ததையே திரும்பக் கேட்கும் சலிப்பு நீங்கும். ஆனால் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ரென்சுல்லி 1978இல் மீத்திறனை ஆற்றல், படைப்பாற்றல், பணியில் ஊன்றிய ஈடுபாடு ஆகிய மூன்றும் கூடுமிடமாக விளக்கினார், மதிப்பெண்ணை வைத்துப் பிரித்தால் (நம் ஊரில் வேறெப்படிப் பிரிப்பார்கள்?) பின்னவை இரண்டும் கண்ணில் படா. "பாலாற்றில் ஆண்டு முழுவதும் நீர் ஓடினால் உங்கள் தெருவில் என்ன மாறும்?" என்று பொதுவாகக் கேட்டாலோ, விரைந்து படிக்கும் சிறுமி கிணற்று நீர்மட்டத்தைப் பற்றி எழுத, சராசரி எனப்பட்ட சிறுவன் மணல் லாரிகள் எங்கே போகும் என்று வினவக்கூடும். பரிசு விஷயத்தில் மட்டும் இரு முறைக்கும் ஒரே எச்சரிக்கை: பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லப்பட்ட மழலையர் பின்னர் தாமாக வரைவது குறைந்ததை 1973ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.