பாத்ரூம் வேலைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று இரவு பத்தரை மணிக்குக் கீழ்வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார். "தம்பி, எங்க பாத்ரூம் சீலிங்கிலேர்ந்து சொட்டுது, வாளி வெச்சிருக்கேன், வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். அரை வாளி நிறைந்திருந்தது. நேர் மேலே எங்கள் பாத்ரூம். டைல்ஸ் போட்டுப் பதினாறு நாள்தான் ஆகிறது. அதற்காக நான் கொடுத்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்.

கொதிப்பு அடங்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஆள் பிடிக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

சென்னை மடிப்பாக்கம் பக்கம் பழைய அடுக்குமாடி, எங்களுடையது முதல் மாடி. அம்மாவுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது, இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வெஸ்டர்ன் வைக்க வேண்டும், வழுக்காத டைல்ஸ் போட வேண்டும், பிடித்து எழ ஒரு கம்பி வேண்டும். இவ்வளவுதான் கேட்டோம். வீட்டு வேலைக்கு ஆள் காட்டும் ஒரு ஆப்பில் தேடினேன். மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் வாசலில் நின்றபடியே விலை சொன்னார்கள். மூன்றாவது ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஒரு மக் தண்ணீர் எடுத்துத் தரையில் ஊற்றி, அது மூலையில் தேங்குவதைக் காட்டி, "வாட்டமே சரியில்ல சார், யார் போட்டது இது?" என்றார். அம்மாவிடம் திரும்பி, "அம்மா, நீங்க பிடிக்கிற கம்பியில நானே தொங்கிக் காட்டுறேன்" என்றார். அந்த நிமிடம் நான் நம்பிவிட்டேன்.

மொத்தம் 1,45,000 பேசினோம். எழுத்தில் இருந்தது வாட்ஸ்அப்பில் 'பாத்ரூம் ஃபுல் ஒர்க்' என்ற ஒரு வரி மட்டும். "ஆப் வழியா கட்டினா ஜிஎஸ்டி 18 சதவீதம் ஏறும் சார், நேரா ஜிபே பண்ணிடுங்க" என்றார். முதல் நாள் 60,000. டைல்ஸ் எடுக்க வேண்டும் என்று நான்காம் நாள் 50,000. ஆக ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

வாட்டர் ப்ரூஃபிங் கெமிக்கல் வந்த டப்பா ஏற்கெனவே திறந்தது, வாய் ஓரமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பார்த்தேன், கேட்கவில்லை. காலையில் ஒரு கோட் அடித்தார்கள், சாயங்காலமே மேலே கலவையைக் கொட்டிவிட்டார்கள். "இது காய வேண்டாமா?" என்றதற்கு, "புது கெமிக்கல் சார், உடனே செட் ஆயிடும்" என்று பதில். தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் விட்டுக் கீழ்வீட்டு சீலிங்கைப் பார்த்த பிறகுதான் டைல்ஸில் கை வைக்க வேண்டுமாம். சுவருக்குள் போகும் பைப்பையும் மூடுவதற்கு முன் பிரஷர் கொடுத்துச் சோதிக்க வேண்டுமாம். இன்று காலை வந்து பார்த்த வேறொரு பிளம்பர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவர் ஒரு நாணயத்தால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் பொள்ளல் சத்தம், அடியில் கலவை சரியாக நிரம்பவில்லை என்று அர்த்தம்.

டைல்ஸ் போட்ட மறுநாளே தண்ணீர் வாசல் பக்கம் ஓடி வந்தது. எந்த வாட்டத்தைக் காட்டி என்னை நம்ப வைத்தாரோ, அதே வாட்டம். போன் செய்தால், "மேஸ்திரி ஊருக்குப் போயிருக்கான், வெள்ளிக்கிழமை வந்துடுவான்." வெள்ளிக்கிழமை கேட்டால், வீட்டில் விசேஷம். அப்புறம், "நீங்க தண்ணி ஜாஸ்தி ஊத்துறீங்க சார், வைப்பர் போட்டுத் தள்ளுங்க." போன வாரம் அம்மா பிடித்து எழும்போது அந்தக் கம்பி ஸ்க்ரூவோடு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. சுவரில் சாய்ந்ததால் விழாமல் தப்பித்தார். அந்தப் படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கான நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

நேற்று ஒழுகிய பிறகு என் மனைவியின் நம்பரிலிருந்து கூப்பிட்டதும் எடுத்தார். "அது உங்க பழைய ஸ்லாப் பிரச்சினை. மீதி 35,000 போடுங்க, ஆள் அனுப்புறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆப்காரர்களோ, ஆளைக் காட்டுவது மட்டும்தான் தங்கள் வேலை, நேரடியாகக் கொடுத்த பணத்துக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் யார் பொறுப்பு?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்வதாக எழுதினேன், இப்போது விரிவாக எழுதும் நிலையில் இல்லை. வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள், முன்னால் கொடுக்காதீர்கள். எத்தனை கோட், எந்த பிராண்ட் என்று எழுதி வாங்குங்கள். தண்ணீர் கட்டிப் பார்க்காமல் டைல்ஸ் போட விடாதீர்கள். அந்த ஆள் ஒரு வருடம் முன்பு செய்த பாத்ரூம் ஒன்றை நேரில் போய்ப் பார்த்து, அந்த வீட்டுக்காரர்களிடமே கேளுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் 1915-க்குக் கூப்பிடுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், வேலைக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள்.

நாளைக் காலை தரையை மறுபடி உடைக்கிறார்கள். அம்மாவைச் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். கீழ்வீட்டு அக்கா இதுவரை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. இப்போது மறுபடி கூப்பிடுகிறார், போய்ப் பார்க்கிறேன்.