13,000 படம் மீட்டோம் என்பார்கள், திறந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்

கிளிநொச்சிப் பக்கம் கொம்பியூட்டர் ரெக்கவரிக்குக் கடை தேடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை, எழுதினால் சண்டைதான் மிச்சம். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2008 கடைசியில் வட்டக்கச்சியிலிருந்து வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம் என்று மாறி மாறிப் போனதில் அல்பங்கள் இருந்த சூட்கேஸ் எங்கேயோ விடுபட்டுப் போனது. எந்த இடத்தில் விட்டோம் என்று அம்மாவும் நானும் இன்றைக்கும் பிடுங்குப்படுவோம். 2013இல் கனடாவிலிருந்து மாமி வந்தபோது, முந்தி நாங்கள் அவருக்கு அனுப்பிய கலியாணவீட்டுப் படங்கள், சாமத்தியவீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் இரண்டு அல்பமாகக் கொண்டுவந்தார். விறாந்தையில் வெளிச்சம் பார்த்து வைத்து ஒவ்வொன்றாகக் கமராவால் எடுத்தேன். மற்றச் சொந்தங்களிடம் இருந்ததையும் சேர்த்தால் 1,400 அளவில் வந்தது. கொம்பியூட்டரில் ஒரு பிரதி, நாலு டிவிடியில் இன்னொரு பிரதி, இனி எங்கே போகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

போன வருடம் ஹார்ட் டிஸ்க் இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் 'பார்மட் செய்யவா' என்று கேட்டது. நல்லகாலம், வேண்டாம் என்று அமத்தினேன். டிவிடிகளைப் போட்டுப் பார்த்தால் இரண்டு திறக்கவே இல்லை, மற்ற இரண்டிலும் கடைசியாக ரைட் பண்ணிய கொஞ்சப் படங்கள் மட்டும் தெரிந்தன. தகரக் கூரைக்குக் கீழே அலுமாரிக்குள் இத்தனை வருடம் வெந்திருக்கின்றன. டிவிடியில் பதிவு நிற்பது ஒரு சாயப் படையில், வெக்கை பட்டால் அது கெடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கடைக்குக் கொண்டுபோனேன். தம்பி ஒருவர் டிவிடியை ஒருதரம் போட்டு எடுத்துவிட்டு, "இதில ஒண்டுமில்லை அக்கா, ஹார்ட் டிஸ்க்கைத் தாங்கோ, யோசிக்காதேங்கோ, எல்லாம் எடுக்கலாம்" என்றார். அட்வான்ஸ் 10,000 ரூபா. இரண்டு கிழமை கழித்துப் போன் வந்தது: "13,000க்கு மேல படம் எடுத்திட்டம் அக்கா."

என்னிடம் இருந்ததே 1,400 என்பது அந்த நேரம் மூளையில் ஏறவில்லை பாருங்கள். சந்தோஷத்தில் மிச்சம் 15,000த்தையும் கொடுத்து, பென் ட்ரைவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து திறந்தால் முதலில் ஒரு நடிகையின் முகம். அப்புறம் மணமகள் தேவை விளம்பரங்கள், பத்திரிகைத் தளங்களின் சின்னச் சின்னப் படங்கள், விண்டோஸின் ஐகான்கள். இணையத்தில் நாங்கள் பார்த்த எல்லாவற்றையும் பிரவுசர் சேர்த்து வைத்திருந்ததாம், அதையும் எண்ணிக்கையில் போட்டிருக்கிறார்கள். எங்கள் படங்களும் இருந்தன, ஆனால் முத்திரை அளவில். கமரா ஒவ்வொரு கோப்புக்குள்ளும் 160க்கு 120 புள்ளி அளவில் ஒரு குட்டிப் படத்தையும் வைத்துவிடும், பெரிய படம் அழிந்த இடத்திலும் சிலவேளை அது தப்பி நிற்கும். அப்பா உழவு இயந்திரத்தோடு நிற்கும் படம் அப்படித்தான் கிடைத்தது. பெரிதாக்கினால் அப்பா சதுரம் சதுரமாக உடைகிறார்.

பில்லைத் திருப்பிப் பார்த்தேன். 'விண்டோஸ் புதிதாகப் போட்டது' என்று அதற்கும் தனிக் காசு! படம் கிடந்த அதே டிஸ்க்கை பார்மட் செய்து, அதன்மேல் விண்டோஸ் ஏற்றிவிட்டுத்தான் தேடியிருக்கிறார்கள். சும்மா விரைவு பார்மட் மட்டும் என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் அப்படியே கிடக்கும், விண்டோஸ் பத்து ஏறினால் 20 ஜிபி அளவில் பழையதன்மேல் எழுதிவிடும், எழுதினால் போனதுதான். செய்யவேண்டியது என்னவென்றால், பழுதான டிஸ்க்கை அப்படியே வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் தேடுவது. மீட்டதையும் வேறு டிஸ்க்கில்தான் போடவேண்டும். திரும்பப் போய்க் கேட்டதற்கு, "டிஸ்க் பழுதெண்டா நாங்கள் என்னக்கா செய்யிறது" என்றார்கள். காசு வரவில்லை.

டிவிடிகளைக் குப்பையில் போடாததுதான் நான் செய்த ஒரே புத்தியான வேலை. வவுனியாவில் இருக்கும் மருமகன் அதைத் திருப்பிப் பிடித்து, "மாமி, இஞ்ச பாருங்கோ, எழுதின இடம் வேற நிறமாத் தெரியுது, வெளிக்கரை வரைக்கும் எழுதியிருக்கு, எப்பிடி ஒண்டுமில்லை எண்டவை?" என்றான். நான் ஒரே டிவிடியில் நாலைந்து தரம் விட்டுவிட்டு ரைட் பண்ணியிருந்தேன், முந்தியதைச் சேர்க்காமல் ரைட் பண்ணினால் விண்டோஸ் கடைசித் தரம் எழுதியதை மட்டும் காட்டுமாம். ஐசோபஸ்டர் என்ற மென்பொருளில் போட்டான், முந்திய தரங்களில் எழுதியவையும் வரிசையாக வந்தன. 800க்குக் கொஞ்சம் மேல் படங்கள், முழு அளவில். கடையில் அதை ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் என் 25,000 மிஞ்சியிருக்கும்.

இன்னொன்று. மீட்ட படங்கள் அந்தக் கடைக் கொம்பியூட்டரிலும் ஒரு பிரதி கிடந்தது, கேட்டு நின்று அழிப்பித்தேன். எங்கள் பக்கத்து அல்பங்களில் யார் யார் நிற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஆகவே போகிறவர்கள் இதையும் கேளுங்கள். எத்தனை படம் என்று கேட்காதீர்கள், பத்துப் படத்தைத் திறந்து முழு அளவில் காட்டச் சொல்லிவிட்டு மிச்சக் காசைக் கொடுங்கள். டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் மென்பொருளால் சரிவராது, உடனே நிறுத்திவிடுங்கள், ஓட ஓட இன்னும் கெடும்.

திறக்காத இரண்டு டிவிடியும் இன்னும் என்னிடம் இருக்கின்றன, அக்காவின் சாமத்தியவீடு அதில்தான். ஒரு ட்ரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும் என்று மருமகன் சொல்கிறான், அவனிடம் இருந்த இரண்டும் வாசிக்கவில்லை. மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கம் யாரிடமாவது பழைய மேசைக் கொம்பியூட்டர் டிவிடி ரைட்டர் வேலை செய்கிற நிலையில் இருந்தால் சொல்லுங்கள், கொண்டுவருகிறேன்.