டரான்டுலாவுக்கு வாங்கிய அக்ரிலிக் பெட்டி: பெட்டி நன்று, ஈரப்பதமானி வேண்டாம்

கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் பகுதியில், மீன் தொட்டி செய்து தரும் ஒரு பட்டறையில், நான் வளர்க்கும் டரான்டுலா என்ற பெரிய சிலந்திக்காக அளவு கொடுத்து ஓர் அக்ரிலிக் பெட்டி செய்து வாங்கினேன். நீளம் 45 செ.மீ., அகலமும் உயரமும் 30 செ.மீ.; முன்பக்கம் நகர்த்தித் திறக்கும் இரட்டைக் கதவு, இரு பக்கங்களிலும் காற்றுத் துளைகள், முகப்பில் ஊசி வைத்த வட்டமான ஈரப்பதமானி. எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் ஆயிற்று. எட்டு மாதங்கள் பயன்படுத்திய பிறகு, குறிப்பாகக் கடந்த மே மாதம் என் சிலந்தி சட்டை உரிக்க முடியாமல் இதற்குள் தவித்த ஓர் இரவுக்குப் பிறகு, இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நான் வளர்ப்பது அர்ஜென்டினாவையும் பராகுவேயையும் சேர்ந்த சாக்கோ கோல்டன் நீ என்ற இனம். கால் மூட்டுகளில் பொன்னிறப் பட்டைகள் இருப்பதால் பொன்னி என்று அழைக்கிறோம். தரையில் வாழும் கனத்த சிலந்தி என்பதால், சற்று உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு கிழிந்து இறந்துவிடக்கூடும். அதைச் சொன்னவுடன் பட்டறைக்காரர் கதவின் அடிவிளிம்பை 15 செ.மீ. மேலே ஏற்றி அமைத்தார். அதுவரை தேங்காய் நார்த் தூளை அழுத்தி நிரப்பினால் மேலே மிஞ்சும் இடமும் 15 செ.மீ. மட்டுமே. கதவை இப்படி ஏற்ற வேண்டும் என்று நான் சொல்லாமலே புரிந்துகொண்டு செய்தார் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

பொன்னி ஏழு வாரங்களாக இரை எடுக்கவில்லை. வயிறு கறுத்து மினுமினுத்தது. சட்டை உரிப்பதற்கு முன் இவை இயல்பானவை என்பதால் நான் அஞ்சவில்லை. ஆனால் கத்திரி வெயில் காலம். எங்கள் வீட்டில் இரவெல்லாம் ஏசி ஓடியது. கடலோர நகரமாகிய சென்னையில் காற்றின் ஈரம் குறையும் என்று யாரும் எண்ணுவதில்லை. ஏசி ஓடும் மூடிய அறையில் அது வெகுவாகக் குறைகிறது. முகப்பிலிருந்த மானியின் ஊசியோ ஒவ்வொரு நாளும் 72 விழுக்காட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி, உள்ளே மூலையிலிருந்த தண்ணீர்க் கிண்ணத்தை நான் குனிந்து பார்க்கவே இல்லை.

அன்று இரவு பதினொரு மணிக்குப் பொன்னி தான் நெய்த வலை விரிப்பின்மேல் மல்லாந்து கிடந்தது. புதிதாக வளர்ப்பவர்கள் இதைக் கண்டு இறந்துவிட்டதாகப் பதறுவார்கள். இறக்கும் சிலந்தி பொதுவாக மல்லாப்பதில்லை; நிமிர்ந்த நிலையிலேயே கால்களை உடலுக்கடியில் மடக்கிக்கொள்ளும். சிறிது நேரத்தில் தலைப்பகுதியின் ஓடு மூடி போல் திறந்தது, கால்கள் கையுறையிலிருந்து விரல்களை உருவுவது போல் மெல்ல வெளியே வரத் தொடங்கின. இரண்டு மணிக்குள் ஆறு கால்கள் வந்துவிட்டன. இடப்பக்கத்தின் கடைசி இரண்டு கால்கள், அதாவது மூன்றாவதும் நான்காவதும், மட்டும் பழைய தோலுக்குள் சிக்கி நின்றன. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் கிண்ணம் கண்ணில் பட்டது. ஒரு சொட்டு நீர் இல்லை. எங்கள் போர் தண்ணீர் வற்றினால் விடும் வெள்ளை உப்பு வளையம் மட்டும் அடியில் காய்ந்திருந்தது.

சிலந்தியின் கால் மூட்டுகள் சிலவற்றில் மடக்கும் தசை உண்டே தவிர நீட்டும் தசை கிடையாது. உடலின் திரவத்தை அழுத்தித்தான் அது கால்களை நீட்டுகிறது. பழைய தோலைப் பிளப்பதும் அதே அழுத்தத்தால்தான். ஆகவே காற்றின் ஈரத்தைவிட, அது குடித்து உடலில் சேர்த்து வைத்த நீர் முக்கியமானது. அதற்கு நான் நீர் வைக்கத் தவறியிருந்தேன்.

நீண்ட காலமாகச் சிலந்தி வளர்க்கும் ஒருவரை அந்நேரத்தில் எழுப்பினேன். “தம்பி, இழுத்துடாத. புதுக் கால் வெண்ணெய் மாதிரி இருக்கும், பிஞ்சு வந்துடும்” என்றார். ஏசியை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி கிளிசரின் கலந்து, மெல்லிய ஓவியத் தூரிகையால் சிக்கியிருந்த பழைய தோலை மட்டும் நனைத்தேன். வயிற்றின் அடிப்புறத்தில் மூச்சு விடும் துவாரங்கள் இருப்பதால் அங்கே நீர் படக்கூடாது. அந்த நேரத்தில்தான் இந்தப் பெட்டியின் அருமை தெரிந்தது. மேல்மூடியைத் தூக்கவோ பெட்டியை அசைக்கவோ வேண்டியிருக்கவில்லை. கதவை இரண்டு விரல் அகலம் நகர்த்தினால் தூரிகை போகும். தொடக்கத்தில் இறுக்கமாக இருந்து கிறீச்சிட்ட அந்தக் கதவின் தடத்தில் முன்பே மெழுகுவத்தியைத் தேய்த்து வைத்திருந்தேன். மெல்லிய அதிர்வைக்கூட உணரும் உயிருக்கு இது அவசியம், வாங்குபவர்கள் முதல் நாளே செய்துவிடுங்கள். விடியும் முன் மூன்றாம் கால் வந்துவிட்டது. நான்காம் காலைப் பொன்னி தானே அடி மூட்டில் கழற்றி விட்டது. அது அடுத்தடுத்த உரிப்புகளில் மீண்டும் வளரும் என்று தெரிந்திருந்தும், வலைமேல் கிடந்த அந்தக் காலை எடுத்தபோது என் கை நடுங்கியது.

மறுநாள் மானியைக் கழற்றிச் சோதித்தேன். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈர மணல் பதம் வரும்வரை சில சொட்டு நீர் விட்டு, மானியோடு சேர்த்து ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி 12 மணி நேரம் வைக்க வேண்டும்; உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். என் மானி 93 காட்டியது. மறுபடி செய்தபோதும் அதே 93. நாள்தோறும் நான் நம்பிய 72-இன் உண்மையான அளவு 55-ஐ ஒட்டித்தான் இருந்திருக்கும். கிண்ணத்தைப் பார்க்காதது என் தவறு. ஆனால் பார்க்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கையை எனக்குத் தந்தது இந்த மானி. மானியே இல்லாதிருந்தால் நான் தினமும் கிண்ணத்தைப் பார்த்திருப்பேன்.

பட்டறையில் சொன்னபோது மறுப்பேதும் இல்லாமல் வேறொன்று கொடுத்தார்கள். அது உப்புச் சோதனையில் 88 காட்டியது. மொத்தமாக வாங்கி ஒட்டுவதாகவும் சோதிப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டு, 250 ரூபாயைத் திருப்பித் தந்து, மானி இருந்த துளையை அக்ரிலிக் வில்லையால் அடைத்துக் கொடுத்தார்கள். இப்போது தனியாக வாங்கிய டிஜிட்டல் மானி ஒன்று உள்ளே இருக்கிறது. அதே உப்புச் சோதனையில் அது 74 காட்டியது.

உரித்த புதிதில் வெள்ளையாக இருந்த கோரைப் பற்கள் சிவந்து, பிறகு கறுத்தன. பதினான்காம் நாள் பொன்னி ஏழு கால்களோடு ஒரு மீல்வார்ம் புழுவைப் பிடித்துத் தின்றது. பெட்டியை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சொல்லும்போதே மானி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் துளை போடாமலே செய்து தருகிறார்கள். விலை 1,650 ரூபாய்.